தள்ளுபடி ஸ்டிக்கருக்கு அடியில் ஓர் எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. வாங்கப் போனது வேறு. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் கடை அது. போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் போய்த் தூக்க மாத்திரை இரண்டு அட்டை கேட்டேன். டாக்டர் சீட்டு இல்லை. கவுண்டரில் இருந்த அம்பரீன் தர முடியாது என்றார். அதோடு விட்டிருந்தால் நான் வேறு கடைக்குப் போயிருப்பேன். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று கேட்டார்.

ஒன்பது நாள் என்றேன். அந்தக் கணக்கை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை; கேட்டவரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். எல்லாரையும் இப்படிக் கேட்பீர்களா என்றேன். முன்பெல்லாம் கேட்டதில்லை, சிட்டிபாபுவுக்குப் பிறகுதான் என்றார்.

அவர் சொன்னதை எழுத அனுமதி கேட்டேன். ஒரே நிபந்தனை போட்டார்: "என்னை நல்லவளா எழுதிடாதீங்க சார்." சிட்டிபாபுவையும் பார்த்துக் கேட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், தெருவில் மட்டும் தெரியக் கூடாது என்றான். பெயர்களை மாற்றினேன். அது போதும் என்று நினைத்தேன்.

2

முதல் வரிக்கு மூன்று நாள் ஆயிற்று.

'போதை என்னும் அரக்கன் இன்று நம் இளைஞர்களை...' இது பூவராகவன் விரும்பிய தொடக்கம். குடியிருப்போர் சங்கச் செயலாளர். விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஒரு கதை வேண்டும் என்று என்னைக் கேட்டவர். அரக்கன் உள்ளே வந்ததும் சிட்டிபாபு வெளியே போய்விட்டான். அடித்தேன்.

'சிட்டிபாபு மாத்திரைக்கு அடிமையானவன்.' இதையும் அடித்தேன். முப்பத்திரண்டு வயது ஆளுக்கு அது ஒன்றுதானா அடையாளம்? பட்டுச்சேலைக்குக் கரை நெய்வதில் கெட்டிக்காரன். மகளுக்கு இரட்டைச் சடை பின்னத் தெரிந்தவன்.

'குழித்தறியில் பதினாறு வருஷம் உட்கார்ந்த முதுகு...' இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

(இனி அம்பரீனை 'அவள்' என்றே எழுதுகிறேன். கதைக்குள் மரியாதை கொஞ்சம் இடைஞ்சல்.)

முதல் தடவை சிட்டிபாபு ஒழுங்கான சீட்டோடுதான் வந்தான். முதுகு வலிக்குப் பத்து நாள் மாத்திரை. அம்பரீன் கொடுத்தாள். அடுத்த மாதமும் வந்தான், கொடுத்தாள். மாத்திரை எடுத்தது வலியை மட்டும் அல்ல. மனைவி கமலாட்சி மகளோடு ஆரணியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, வீட்டில் கிடந்த அமைதியையும் அது கொஞ்ச நேரம் எடுத்தது. வலி விட்டது, மாத்திரை விடவில்லை.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை அவன் நீட்டியது ஜெராக்ஸ் சீட்டு. தேதியில் மூன்றை எட்டாக்கியிருந்தான். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். அம்பரீன் சீட்டைத் தூக்கிப் பிடித்து எல்லார் காதிலும் விழச் சொன்னாள், இது திருத்தின சீட்டு, போலீஸைக் கூப்பிடவா என்று. யாரோ சிரித்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. "அப்ப நான் எங்க போறது மேடம்?" என்றான்.

அவள் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டினாள். மண்டையோட்டுப் படம், கீழே 'போதையை ஒழிப்போம்'. அவன் நின்று முழுதும் படித்துவிட்டுப் போனான்.

[போஸ்டரின் அடியில் உதவிக்கு அழைக்க ஓர் எண் இருந்தது: 14416. அதன் மேல் குழந்தைகள் டயபருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று ஒரு ஸ்டிக்கர். ஒட்டியவள் அம்பரீன். அன்று கடை சாத்தும்போதுதான் பார்த்தாள். நகத்தால் சுரண்டியதில் எண்ணின் பாதிதான் வந்தது.]

4

அவள் ஏன் அவனைத் தேடிப் போனாள்? இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசகருக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, போதையில் இறந்துபோன தம்பி ஒருவனை அவளுக்கு உண்டாக்கினேன். சுபியான் என்று பெயரும் வைத்தேன். படித்துப் பார்த்த அம்பரீன், தனக்கு அப்படி ஒரு தம்பி இல்லை என்றாள். "நான் கத்தினேன் சார். அது போதாதா காரணம்?"

தம்பியை எடுத்துவிட்டேன். மீதி இருந்தது அவள் மட்டும்தான். தலாக் ஆகி ஐந்து வருஷம். மத்தியானச் சாப்பாடு அலமாரிகளுக்குப் பின்னால், டானிக் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனோடு. ஒரு நாளைக்கு நூறு பேர் அவளிடம் பேசுவார்கள். நூறு பேரும் மருந்தின் பெயரைத்தான் சொல்வார்கள். போன ரம்ஜானில் நான்கு நாள் காய்ச்சலோடு கவுண்டரில் நின்றாள். ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கே போவது என்று அவன் கேட்ட குரலை, தன் வாயிலிருந்து வராத தன் குரல் மாதிரி அவள் மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

சீட்டின் ஜெராக்ஸ் கவுண்டரிலேயே கிடந்தது. அதில் தெருப் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையடைத்ததும் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தாள்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அந்த வேகாத வெயிலில் சிட்டிபாபு தறி ஓரமாகப் போர்வை சுற்றிக் கிடந்தான். உடம்பு நடுங்கியது, வேர்வையில் போர்வை நனைந்திருந்தது. சாப்பிட்டு இரண்டு நாள். யாரைக் கூட்டிக்கினு வந்தீங்க என்றான். தனியாகத்தான் வந்தேன் என்றாள்.

அடுத்ததை அவள் பயந்துகொண்டே கேட்டாள். "செத்துடலாம்னு தோணுதா?"

அவன் கூரையின் மேல்மரத்தைப் பார்த்தான். "தெனமும் தோணுது. இன்னிக்கு வரைக்கும் யாரும் கேக்கல."

(நான் இங்கே அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதியிருந்தேன். அவள் சொல்லாததால் எடுத்துவிட்டேன்.) தரையில் உட்கார்ந்தாள். பாதி சுரண்டி, மீதியைச் செல்போனில் தேடிக் குறித்து வைத்திருந்த 14416-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் அவசரப்படாமல் அவனிடமே பேசினாள். பிறகு அம்பரீனிடம், அவரைத் தனியாக விடாதீர்கள், இப்போதே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்றாள்.

ஆட்டோவில் போனார்கள். அங்கே, நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மருந்துக்கடை" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

இது வியாதி, வைத்தியம் உண்டு, மாத்திரையைத் தானாகச் சட்டென்று நிறுத்தியதும் ஆபத்துதான் என்று டாக்டர் விளக்கினார். மூன்று வாரம் வார்டில் இருந்தான். திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தான். வியாழக்கிழமைதோறும் மருத்துவமனை, வழியில் கடையில் நின்று இரண்டு வார்த்தை. ஆடியில் ஒரு நாள் வந்து, "நேத்து மாத்திரை போட்டுட்டேன்க்கா" என்றான். அவள் திட்டவில்லை. சொன்னியே, அது போதும் என்று மறுபடி டாக்டரிடம் அனுப்பினாள். மேடம் அக்காவானது எந்த வாரம் என்று இருவருக்கும் நினைவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: கமலாட்சி திரும்பி வருகிறாள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் பேசுகிறாள்.

இரண்டு: அவன் இறந்துபோகிறான். ஒரு வரி எழுதினேன். கதைக்கு அது சுலபம் என்பதாலேயே கிழித்தேன்.

மூன்று: பூவராகவன் கேட்டது. சிட்டிபாபு மேடையேறுகிறான், பொன்னாடை, கைதட்டல். அவனிடம் கேட்கக்கூட நான் சம்மதிக்கவில்லை. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் மார்கழியில் கல்யாண மண்டபத்தில் அறுபது பேர் முன்னால் இந்தக் கதையைப் படித்தது நான்தான். பெயர் வேறுதான். ஆனால் அந்தப் பிரதியில் பக்கத்து வீட்டுக்காரி அவனைக் குறிப்பிட்ட வார்த்தை அப்படியே இருந்தது. தெருமுனைக் குழாயும் இருந்தது. ஐந்தாவது பகுதி வரும்போது முன்வரிசையில் அவன் தெருப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன். நிறுத்தவில்லை. குரல் நன்றாக வந்துகொண்டிருந்தது.

(இப்போது நீங்கள் படிப்பதில் அவை இரண்டும் இல்லை. தாமதம்தான்.)

மறுநாள் காலை தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வியாழன் அவன் மருத்துவமனைக்குப் போகவில்லை. அம்பரீன் அழைத்தால் எடுக்கிறான், உயிரோடுதான் இருக்கேன் என்கிறான், வைத்துவிடுகிறான். போய்ப் பார்த்தாள், ஜன்னல் வழியாகவே பேசினான். என்மேல்தான் கோபமாம்.

நான் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்பரீன் ஊசி டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நானும் ஆறேழு பேர் முன்னாடிதான் கத்தினேன். அப்புறம் போய்க் கதவத் தட்டினேன். நீங்களும் போய்த் தட்டுங்க."

7

இன்று புதன்கிழமை, தை மாதம். நாளைக் காலை எட்டரைக்கு அவன் வீட்டுக்குப் போகிறேன். மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு ஒன்பதுக்குள் வரிசையில் நிற்க வேண்டும். வழியில் இட்லி வாங்கிக்கொள்வதா, வாங்கினால் இரக்கம் மாதிரி தெரியுமா என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். என்ன பேச வேண்டும் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் நான்கையும் எடுத்துப் போகப்போவதில்லை.

அவன் திறக்கலாம். திறக்காமலும் இருக்கலாம். திறக்காவிட்டால் வாசலில் எவ்வளவு நேரம் நிற்பேன் என்று எனக்குத் தெரியாது. அதனால் முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வியாழன் கடந்து போயிருக்கும். வேறு ஏதோ ஒரு நாளாக இருக்கும், வேறு ஏதோ ஒரு தெருவாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் கொஞ்ச நாளாக வெளியே தட்டுப்படாமல் இருப்பார். என் கதை என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். எழுந்து போய் அவரைக் கேளுங்கள்.