குந்தியிருந்தால் தெரியாது

வலது கால் செருப்பு மறுபடியும் கழன்று கிடந்தது. ஜெயவேலுக்கு அது தெரியவில்லை. நாலடி தள்ளிப் போனதும் பின்னாலிருந்து சந்திரன் கூப்பிட்டான்.

"டேய், உன் செருப்புக்கு உன்கூட வரப் புடிக்கலியாம். இங்கயே நின்னுடுச்சி பாரு!"

தலையில் கலவைச் சட்டியோடு சந்திரன் சிரித்தான். ஜெயவேலும் சிரித்து வைத்தான். திரும்பிப் போய், பாதத்தைக் கையால் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்தான்.

எட்டு நாளாக இப்படித்தான். ஹெப்பகோடியில் தங்கியிருக்கும் அறையில் ஒரு காலை எழுந்து நின்றபோது வலது பாதம் தொங்கியது. தூக்கப் பார்த்தால் வரவில்லை. மேல்பாதத்தைக் கிள்ளிப் பார்த்தான். வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. நடந்தால் விரல் தரையில் தட்டியது. தட்டாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி, சேற்றில் இறங்கினவன் போல நடக்க வேண்டியிருந்தது.

யாருக்கும் தெரியாமல் கிளினிக்குக்குப் போனான். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஹெலன் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா வேலைப்பா பண்றே?"

"மார்பிள் போடறேன் மேடம். எலக்ட்ரானிக் சிட்டியில, கம்ப்யூட்டர் கம்பெனி கட்டடம்."

"நாள் பூரா குந்திகினு?"

"குந்தாம எப்படி மேடம் கல்லு போடறது?"

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்து எலும்பின் மேல் டாக்டர் விரலை வைத்தார். "இங்க ஒரு நரம்பு ஓடுது. பாதத்தத் தூக்கறதும் அதுதான், மேல்பாதத்துக்கு உணர்ச்சி குடுக்கறதும் அதுதான். குந்திக் குந்தி நசுக்கிட்டே. அறுந்து போகல. மூணு மாசம் குந்தாம இருந்தா தானா திரும்பும்."

"ஒரு ஊசி போட்டுடுங்களேன் மேடம்."

"ஊசிக்கெல்லாம் இது கேக்காது. மறுபடியும் குந்தினேன்னா, அப்புறம் திரும்புமான்னு என்னைக் கேக்காதே."

போளூரிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் அவனும் கலவைதான் சுமந்தான். கோவிந்தராஜன் மேஸ்திரி அவன் கையில் கரணையைக் கொடுத்துக் கல் போட விட்டே இரண்டு மாசம்தான் ஆகிறது. அதை விட்டால் அடுத்த நிமிஷம் சந்திரன் வாங்கிக்கொள்வான். திரும்பக் கலவை சுமக்கலாமென்றால், இந்தக் காலை வைத்துக்கொண்டு எந்தப் படி ஏறுவது? நடந்தால்தான் நொண்டி. குந்தி உட்கார்ந்துவிட்டால் எல்லார் காலும் ஒரே கால். அவனை மறைக்கிற இடமும் அதுதான், அவனைத் தின்கிற இடமும் அதுதான்.

சந்திரன் கேலி செய்த அன்றைக்கே கட்டுக்கம்பி எடுத்தான். செருப்போடு சேர்த்துப் பாதத்தை இரண்டு சுற்று. அங்கிருந்து மேலே இழுத்து முழங்காலுக்குக் கீழே ஒரு முறுக்கு. டாக்டர் விரல் வைத்த அதே இடம். பேண்டை இறக்கிவிட்டால் தெரியாது. பாதம் தூக்கி நின்றது. நடந்து பார்த்தான். தட்டவில்லை. மூன்று நாள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் என்ஜினியர் ஹாலைப் பார்க்க வந்தார். நாளைக்குக் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும்.

"ஏனப்பா இது? ரக்தா!" என்று கன்னடத்தில் கத்தினார்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை மார்பிளில் தண்ணீர்க் குடத்திலிருந்து சிவப்பாக ஒரு வரிசை வந்தது. ஒரு காலின் தடம் மட்டும். அது யாரிடம் போய் முடிகிறது என்று ஜெயவேலும் மற்றவர்களோடு சேர்ந்து தேடினான். அவனிடம்தான் முடிந்தது.

கோவிந்தராஜன் அவனைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போய்ப் பேண்டைத் தூக்கினார். கம்பி மேல்பாதத்தில் சதைக்குள் இறங்கியிருந்தது. கட்டிங் பிளேயரால் வெட்டி, கம்பியை மெல்ல உருவினார்.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே."

அவர் கை நின்றுவிட்டது. "இதுகூடவா?"

"இல்லண்ணே."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஜெயவேலு நினைத்தான். பிறகு டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னான்.

மேஸ்திரி வெட்டிய கம்பியைத் தூர எறிந்தார். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா கேடு? கரணைய சந்திரங்கிட்ட குடு. ஓசூர் பஸ் ஏத்தி உடறேன், ஊருக்குப் போயி கால நீட்டிப் படு."

"போனா திரும்பக் கூப்புடுவீங்களாண்ணே?"

மேஸ்திரி தூண் மறைவிலிருந்து எட்டினார். ஹாலைப் பார்த்தார். என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டே வரிசைதாண்ணே," என்றான் ஜெயவேலு. "சந்திரனுக்கு இன்னும் மட்டம் வராது."

கோவிந்தராஜன் தோள் துண்டைக் கிழித்தார். காயத்தை அம்மா மாதிரி பார்த்துப் பார்த்துச் சுற்றிக் கட்டினார்.

"சரி, ரெண்டு வரிசை. நீ எழுந்துக்காத. கல்லு, கலவை எல்லாம் உன் கைக்கு வரும்."

ஜெயவேலு குந்தினான். முழங்காலுக்குக் கீழே எதுவோ அழுந்தியது. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. முதல் கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினான். மட்டம் சரியாக வந்தது. "ஷாபாஷ்," என்றார் மேஸ்திரி.

பின்னால் சந்திரன் கல் இறக்கும் சத்தம் கேட்டது. ஜெயவேலு திரும்பாமலே எண்ணினான். இரண்டு வரிசைக்கு வேண்டியதைத் தாண்டியும் கல் இறங்கிக்கொண்டிருந்தது.