அருவதா வாடிய ஜூலை

"இதுங்களுக்கு என்ன, தினமும் மரவள்ளி அவிச்சு ஊட்டுறியா?"

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்று, நடுச்சுவருக்கு மேலே தலையை நீட்டி பஸ்தோரா கேட்ட முதல் கேள்வி அதுதான். வாளியும் கையுமாகச் செடிகளுக்கு நடுவே நின்ற எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போது நிமியா வயிற்றில் இருந்தாள். அவள் பிறந்து, கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவள் பஸ்தோரா. அன்றிலிருந்து இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. நிமியாவுக்கு அவள் ஞானம்மா; பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. அந்த ஊரில் அந்த உறவுக்கு முன்னால் கூடப்பிறந்தவள்கூட ஒரு படி கீழேதான்.

எர்மெலிந்தாவின் கொல்லையில் மண்ணில் நின்ற செடிகள் கொஞ்சம். மற்றதெல்லாம் கையில் கிடைத்ததில் வளர்ந்தவை. எண்ணெய் டின்னில் ரோஸ்மேரி, விரிசல் விட்ட குளியல் தொட்டியில் புதினா, நிமியா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது உடைந்த ஹெல்மெட்டில் சோம்பு. காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே அவள் ஒரு சுற்று வந்துவிடுவாள். யார் தளிர் விட்டிருக்கிறார்கள், யார் முகம் தொங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பாள். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் அன்றைய பொழுதுக்கு அது போதும். முளை ஒன்று மண்ணை முதுகால் முட்டிக்கொண்டு வெளியே வருவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்து, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டிருக்கிறாள்.

பஸ்தோரா வீட்டில் முழுக்கச் சிமெண்ட் தரை. ஒருமுறை ஜன்னலில் புதினா வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் தாங்கவில்லை.

"என் கை செடிக்குச் சுடுகாடு, கொமாத்ரே. நீ வளத்துக்கோ, நான் குடிச்சுக்கிறேன்" என்று சிரித்தாள்.

அப்படியே நடந்தது. தினமும் காலையில் பஸ்தோரா வந்து தாழ்வார நாற்காலியில் உட்காருவாள். மாத்தே இலை நிரப்பிய ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், இருவருக்கும் மாறி மாறி. "இன்னைக்கு எந்த மகாராணியக் கிள்ளப் போறே?" என்று கேட்பாள். கிள்ளிய இலை வெந்நீரில் விழுந்து மணம் எழும்பும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பிள்ளை இல்லாதவள், கணவனையும் இழந்தவள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எழுந்திருக்கிறேன் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். எர்மெலிந்தாவுக்கும் அது இல்லாமல் பொழுது விடியாது.

மகாராணிகளில் மூத்தவள் அருவதா, காரமாக மணக்கும் மூலிகை. ஆகஸ்ட் முதல் தேதி, வெறும் வயிற்றில், கரும்புச் சாராயத்தில் அருவதாவும் எலுமிச்சையும் ஊறவைத்து மூன்று மடக்குக் குடித்தால்தான் அந்தக் கெட்ட மாதம் ஆளைத் தொடாமல் தாண்டிப் போகும். தெரு முழுக்க எர்மெலிந்தாவின் செடியைத்தான் நம்பியிருந்தது. அதோடு இந்த வருடம் நிமியாவின் குழந்தைக்கு முதல் ஆகஸ்ட். ஏப்ரலில் கண் பட்டு, காய்ச்சலும் பேதியுமாக நூலாகி எழுந்த பிள்ளை. குழந்தைக்குச் சாராயம் கிடையாது, நெற்றியில் இலையைத் தேய்ப்பார்கள்.

அந்த நாட்டில் குளிர்காலம் பிறக்கும் ஜூனில், பனி விழத் தொடங்கியதும் அருவதாத் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்து, பஸ்தோராவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள் எர்மெலிந்தா. ஜூலையில் அது வாடத் தொடங்கியது.

முதலில் அடியிலைகள் மஞ்சளாயின. பிறகு நுனிகள் தீயில் காட்டியதுபோலப் பழுப்பேறின. தண்ணீரைக் குறைத்தாள், கூட்டினாள், வெயில் பக்கம் திருப்பி வைத்தாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

சிபா ரொட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வில்ஃப்ரிதா மோவாயில் கை வைத்தாள்.

"அருவதா சும்மா காயாதுடி. யாரோ பொறாமைக்காரி கண்ணு. தினமும் பக்கத்துல உக்காந்து பாக்குறது யாரு?"

"வாய மூடு, அக்கா. ரொட்டிய வித்துட்டுப் போ."

வாயை அடைத்துவிட்டாள், காதை அடைக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் கொமாத்ரே இப்போதெல்லாம் செடிகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை. மகாராணி என்பதில்லை, கிள்ளு என்பதில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கிறாள். நிமியா குழந்தையை நீட்டினால், "இடுப்பு வலிக்குது, அப்புறம்" என்று கையை மடியில் கட்டிக்கொள்கிறாள். ஒரு பொருளைப் பார்த்து மனம் நிறைந்தவர்கள் அதைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கண் இறங்கிவிடும். தொடாமலும் சொல்லாமலும் பார்ப்பவர்கள்தான் ஆபத்து. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜூலையின் கடைசிக்கு முந்தின நாள், வேரில் புழு இருக்கிறதோ என்று மண்ணைக் கிளறினாள். விரலில் ஒட்டிய மண்ணைப் பழக்கத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். கடல் மண்போலக் கரித்தது. ஓரத்தில் கல்லுப்பு இன்னும் கரையாமல் மின்னியது.

கண் இல்லை. கை!

அவள் எதையும் எடுக்காமல் மண்ணை மூடிவிட்டு, மறுநாள் காலை மாத்தேக்குக் காத்திருந்தாள். பஸ்தோரா வந்தாள். எர்மெலிந்தா கெண்டியை நிரப்பி வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய், ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பஸ்தோரா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து, ஒரு சிட்டிகை அள்ளி, தொட்டி மண்ணுக்குள் கட்டைவிரலால் அழுத்தினாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

எர்மெலிந்தாவுக்குக் கெண்டி நிரம்பி வழிந்து காலில் தண்ணீர் கொட்டியது தெரியவில்லை. தன் பிள்ளையை ஏந்திய கை! ஒரே குழலில் வாய் வைத்தவள்! வெளியே வந்து, முகத்தைப் பார்க்காமல் குவளையை நீட்டிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளிரா, கொமாத்ரே?" என்று கேட்டாள் பஸ்தோரா.

"ஆமா."



மறுநாள் முதல் தேதி. விடிந்தும் விடியாமலும் தாழ்வாரம் நிரம்பியது. கொத்தனார் எலிகியோ, கூடையோடு வில்ஃப்ரிதா, குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு நிமியா. அருவதாவில் மிஞ்சிய பச்சை ஒரு கைப்பிடிகூட இல்லை. அதைக் கசக்கிச் சாராயத்தில் போட்டிருந்தாள் எர்மெலிந்தா.

"என்ன இது, இலை மோந்து பாத்துட்டுப் போயிடுச்சா?" என்றார் எலிகியோ. "எனக்குப் பரவாயில்ல, சாராயம் இருக்கே!"

"உங்களுக்கு வருஷம் முழுக்க ஆகஸ்ட்தானே" என்றாள் வில்ஃப்ரிதா. எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்தோரா கடைசியாக வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் கையை நீட்டினாள். எர்மெலிந்தா ஊற்றவில்லை.

"உப்பு கொண்டாந்திருக்கியா?"

"என்னது?"

"பையில இருக்கறத எடு. எல்லாரும் பாக்கட்டும். என் செடியக் கொன்னது யாருன்னு பாக்கட்டும்."

எலிகியோவின் குவளை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பஸ்தோரா மெதுவாகப் பைக்குள் கை விட்டு, துணி முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தாள். அவிழ்ந்த முடிச்சிலிருந்து கல்லுப்பு சிதறியது.

"கொன்னேனா?" என்றாள். "உப்பு போட்டா செடி சாகுமா?"

"நடிக்காத!"

"எனக்கெப்படித் தெரியும் கொமாத்ரே? நான் செடி வளத்தவளா? குழந்தைக்குக் கண்ணு பட்டா உப்பு சுத்துறீங்கள்ல. அது மாதிரின்னு நெனச்சேன். என் கண்ணு அது மேல பட்டுடக் கூடாதுன்னு போட்டேன். அது வாட வாட, நான்தான் வாட்டுறேன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

"உன் கண்ணா? உன் கண்ணுக்கு என்ன?"

பஸ்தோராவின் குரல் உயரவில்லை.

"ஏப்ரல்ல, குழந்தை காய்ச்சலா கெடந்தப்ப. நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். 'பெத்துப் பாக்காதவ, அவ பார்வை கனம், அவ தூக்குனதுலதான் பிள்ளை இப்படிக் கெடக்கு'ன்னு நீதானே சொன்னே? வில்ஃப்ரிதா அக்காகிட்ட."

வில்ஃப்ரிதா கூடையின் துணியைச் சரிசெய்தாள். சரியாக இருந்த துணியைத்தான்.

எர்மெலிந்தா அந்த ஏப்ரலை நினைத்துப் பார்த்தாள். சொன்னாளா? சொன்னாள். பிள்ளை கண் செருகிக் கிடந்த மத்தியானம், யார் மேலாவது பழி போட்டால்தான் மூச்சு விட முடியும் என்றிருந்த நேரம். சொல்லிவிட்டு, பிள்ளை பிழைத்ததும் மறந்தே போனாள். மறுநாள் காலை வழக்கம்போலக் குவளையை நீட்டினாள். பஸ்தோராவும் வாங்கிக் குடித்தாள். இத்தனை மாதமும் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேதான் குடித்திருக்கிறாள்.

"அதான் அவனத் தூக்கல" என்றாள் பஸ்தோரா. "வராம இருக்கலாம்னு பாத்தேன். முடியல. தொட்டி வேற என் பக்கத்துலயே வந்துடுச்சு. எங்க பாக்குறது நான்?"

"அம்மா," என்றாள் நிமியா, "நீயா சொன்னே? ஞானம்மாவையா?"

நிமியா போர்வையை விலக்கி, குழந்தையைப் பஸ்தோராவின் முன்னே நீட்டினாள். "ஞானம்மா, வாங்கு. எல்லாரும் பாக்க வாங்கு."

குழந்தை கால்களை உதைத்துச் சிரித்தது. பஸ்தோராவின் கைகள் பாதி உயர்ந்தன. கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். கைகள் அப்படியே இறங்கின.

"கொமாத்ரே" என்று எர்மெலிந்தா அவசரமாகக் குவளையை நிரப்பினாள். பாதி மேஜையில் கொட்டியது. "இந்தா, மூணு மடக்கு. முதல்ல இதக் குடி. உக்காரு. என் வாயில புழு விழ. உக்காரு கொமாத்ரே."

குவளை நீட்டியபடியே இருந்தது. பஸ்தோரா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வழியில் நின்ற எலிகியோ விலகி நின்றார். அவள் படிகளில் இறங்கி, பனி படிந்த செடிகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து, கதவைத் திறந்துகொண்டு போனாள்.