பூச்சி போன வழி

மருத்துவமனையில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்ற பதினோராம் நாள் காலை, பேராசிரியரின் மனைவி சாப்பாட்டு மேசையைத் துடைக்கப் போனாள். துடைக்க இடமே இல்லை. கணவருடைய புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்திருந்த புரூஃப் கட்டு ஒரு பக்கம், குறிப்பு அட்டைகள் ஒரு பக்கம், நடுவில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் பழைய ஏடுகளின் இருபத்து நான்கு ஃபிலிம்கள், அவற்றோடு இருந்த மரப்பலகையின் படம் ஒன்று. ஃபிலிமைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. ஒவ்வொன்றாக உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க மூத்தவர் உடம்பெல்லாம் ஓட்டையா இருக்கே!"

மூத்தவர் என்று அவள் சொன்னது, பேர்கூடத் தெரியாத ஒரு பண்டைய ஞானியை. கடவுள் உண்டா, இருந்தால் ஏன் பேசுவதில்லை என்று இருபத்து நான்கு ஏடுகளில் எழுதிவைத்துவிட்டுப் போனவர். கல்யாணமான புதிதில் சாப்பாடு தூக்கம் மறந்து அந்த ஏடுகளே கதியென்று கிடந்த கணவரைப் பார்த்து, "எனக்கு முன்னாடியே இவரைக் கட்டிக்கிட்டீங்க. இவர் மூத்தவர், நான் இளையவ. அவ்வளவுதானே?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

ஏடுகளைக் கட்டியிருந்த கயிறு என்றைக்கோ அற்று, வரிசை கலைந்துபோயிருந்தது. மிஞ்சியது பின்பக்கத்து மரப்பலகை மட்டும். வரிசையைக் கண்டுபிடித்தவர் என்றுதான் பேராசிரியருக்குப் பேர். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று முடியும் ஏட்டை அவர் கடைசியில் வைத்தார். ஆயுள் முழுக்கக் கடவுளைத் தேடிய மனிதர் கடைசியில் கைவிரித்துவிட்டார் என்று எழுதினார். புத்தகத்தின் தலைப்பே ‘கடைசி ஏடு’. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான்.

அதில் சொந்த விஷயமும் ஒன்று இருந்தது. இறையியல் படிக்கவென்று போய், முப்பதாவது வயதில் நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு நின்றவர் அவர். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தனக்கு முன்னால் ஒருவர் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. அப்புறம் இத்தனை வருடமும் இருவரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பூச்சி அரிச்சது. ஓட்டையில போன எழுத்தெல்லாம் என்னன்னு கண்டுபிடிச்சுப் போட்டிருக்கேன்" என்றார் தலைநிமிராமல்.

"அந்தக் காலத்து எழுத்து எனக்கு எங்க தெரியும்? ஓட்டை தெரியும்." பலகையின் படத்தை எடுத்து மேலே வைத்தாள். "பலகையில அஞ்சு ஓட்டை. பூச்சி அந்தப் பக்கமாத்தானே உள்ள நுழைஞ்சிருக்கு? அப்ப பலகையை ஒட்டி இருக்கற ஏட்டுலயும் அஞ்சு இருக்கணும். போகப்போக நாலு, மூணுன்னு குறையும். நீங்க கடைசின்னு வச்சிருக்கறதுல ஒண்ணுகூட இல்லையே. பூச்சி தாண்டிக் குதிச்சுதா?"

"விளையாடாதே. திங்கட்கிழமை புரூஃப் போகணும்."

சொன்னாரே தவிர, பேனா நகரவில்லை. ஓட்டைகளில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர், ஓட்டையை ஒருநாளும் பார்த்ததில்லை. அரைமணி நேரம் கழித்துச் செருப்பை மாட்டினார். "நீயும் வா" என்றார். கோபமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

அசல் ஏடுகள் இருந்த நூலகத்தில், காப்பாளர் அவற்றைத் தட்டுத்தட்டாகக் கொண்டுவந்து வைத்தார். "இத்தனை வருஷமாப் படிக்கத்தான் சார் கேப்பீங்க. இன்னைக்கு என்ன, எண்ணுறீங்க?"

பேராசிரியர் ஓட்டைகளை எண்ணிக்கொண்டே போனார். மனைவி குனிந்து பார்த்தாள். "ஓ, இவர்தானா. நான் என்னமோ பெரிய ஆளா இருப்பார்னு நெனச்சேன்."

ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று. கைகழுவிவிட்டு வந்து பன்னிரண்டு ஏடுகளைப் பின்பலகையிலிருந்து வரிசையாக அடுக்கினார்கள். அத்தனையும் அவர் முன்பாதியில் வைத்தவை. வெகுளியான இளமைக்கால எழுத்து என்று புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கிண்டல் செய்தவை. பன்னிரண்டாவதில் ஒரே ஓட்டைதான் இருந்தது. மீதிப் பன்னிரண்டு ஏடுகளில் ஓட்டையே இல்லை. காப்பாளர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிடிக்க, ‘எனக்குத் தெரியவில்லை’ ஏட்டின் முதுகில் மனைவி விரலை நீட்டினாள். படத்தில் அழுக்குப் புள்ளி என்று அவர் ஒதுக்கியது, நிஜத்தில் ஒரு சின்னக் குழி. சேர்த்துப் பிடித்தால் அந்த ஒற்றை ஓட்டைக்கு நேர் எதிரே இருந்தது.

"இதுவரைக்கும் வந்திருக்கு. இதைத் துளைக்க முடியாம நின்னுடுச்சு" என்றாள்.

அப்படியானால் இதற்கு அடுத்தது அந்த ஒற்றை ஓட்டை ஏடு. அதன் முதல் வரி அவருக்கு மனப்பாடம். ‘நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.’ வெறும் அலங்காரப் பேச்சு என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருக்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்த மனிதர் என்றைக்கோ எழுந்து நடந்துபோய்விட்டார். தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று குழந்தைபோல ஆத்திரம் வந்தது. மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"தெரியலைன்னு எழுதினதுக்கு அப்புறமும் பன்னிரண்டு ஏடு எழுதியிருக்கான் மனுஷன்" என்றார் கடைசியில்.

"அதுல என்ன எழுதியிருக்கார்?"

"நான் சரியாப் படிக்கலை."

"அப்ப படிங்க. நான்தான் வீட்ல சும்மா இருக்கேனே, எனக்கும் சொல்லுங்க."

நூலக வாசலில் நின்றே பதிப்பாளருக்குப் போன் செய்தார். அச்சுக்குப் போக வேண்டாம் என்றதும் அந்தப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டது இங்கேயே தெரிந்தது. "சார், அட்டை அடிச்சாச்சு சார்!"

"அட்டை இருக்கட்டும். உள்ளதான் தப்பு."

"எவ்வளவு தப்பு?"

"முழுக்க" என்றார். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அது போதாது என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்து அவர் எழுந்து வந்தபோது, மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைத்தாளும் சீவிய பென்சிலும் இருந்தன. ஃபிலிம்கள் இருபத்து நான்கையும் மனைவி ஜன்னல் கண்ணாடியில் புது வரிசையில் ஒட்டிவைத்திருந்தாள். எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வெயில் ஏறியதும் எழுத்துகள் ஒவ்வொரு ஏடாக வெளிச்சமாயின. ‘எனக்குத் தெரியவில்லை’ ஜன்னலின் நடுவில் எரிந்துகொண்டிருந்தது. வெயில் அங்கே நிற்கவில்லை, அடுத்த ஏட்டுக்குப் போனது.