பிளாஸ்டிக் சுவருக்குத் தண்ணீர்

கொத்தனார் முப்பது வருஷமாகச் சுவர் எழுப்புகிறவர். கட்டிய சுவருக்கு மறுநாள் காலை தண்ணீர் விடாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. சிமெண்ட் இறுக வேண்டுமே. தங்கைக்குக் கட்டிய புது வீட்டுச் சுவருக்கும் அப்படித்தான் ஹோஸைத் தூக்கிக்கொண்டு போனார். அதில் சிமெண்டே கிடையாது என்பது பாதி நனைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தங்கை வேலை பார்க்கும் கொட்டகையில் குப்பையில் வரும் கவர், டப்பா, மூடி எல்லாவற்றையும் அரைத்து, உருக்கி, அச்சில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தட்டினால் கவ்விக்கொள்ளும். கலவை வேண்டாம், பூச்சும் வேண்டாம்.

அவளுடைய பழைய வீடு போன புயலில் சுவரோடு சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில்தான் வாசம். மழை தூறினால் போதும், துணிமணியை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், கண்ணை மூட மாட்டாள். புது வீட்டிலாவது அவள் தூங்க வேண்டும். கொத்தனாருக்கு வேறு ஆசையே இல்லை.

"என்ன மச்சான், சுவர் தழைக்கட்டும்னு ஊத்துறீங்களா?" என்றார் தங்கையின் கணவர்.

"தூசி கழுவுறேன் மாப்பிள்ளை" என்று அசடு வழிந்தார் கொத்தனார்.

மறுநாளும் தூசி கழுவினார். கை கேட்டால்தானே? மூன்றாம் நாள் தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "எப்பங்க பூ பூக்கும்?" என்றார். வந்த எரிச்சலில் கொத்தனார் ஜன்னல் வரைக்கும் பீச்சி அடித்தார்.

"அண்ணா, குழாயைக் கீழ வைங்க" என்றாள் தங்கை. "ஏற்கனவே குப்பை வீடுன்னு பேசுறாங்க. நீங்க வேற."

உள்ளே ஜன்னலடியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எழுந்து வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"மச்சான், தண்ணி உள்ள வருது."

கொத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலடிக் கல்லின் மேல்பக்கம் வெளியே பார்த்துச் சரிந்திருக்கும், மழை வழிந்தோட. அதன் சொரசொரப்பான முகம்தான் தெருப்பக்கம் வர வேண்டும். எங்காவது ஒரு கொத்தனார் சொரசொரப்பைத் தெருவுக்குக் காட்டுவாரா? லட்சணமாக இருக்கட்டும் என்று அந்த ஒரு வரிசையை மட்டும் யாரிடமும் சொல்லாமல் திருப்பி வைத்திருந்தார். சரிவு இப்போது வீட்டுக்குள் பார்த்தது.

"தப்பு என் மேலதான்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி வந்தது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளைக்கு டீ புரையேறியது. சாயங்காலத்துக்குள் ஜன்னலைக் கழற்றி, ஏழு கல்லையும் நேராகத் திருப்பிப் பூட்டினார்.

அவர்கள் குடிபோன பத்தாம் நாள் பட்டப்பகலில் புயல் வந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருப்பார், தங்கை தனியாக இருப்பாளே என்று கொத்தனார் குடையோடு ஓடினார். குடை பாதி வழியில் பறந்துவிட்டது. கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஜன்னலைத் தட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கதவு திறந்தது. கொட்டாவி விட்டபடி நின்றாள் தங்கை.

"சுவருக்கு ஊத்தினது பத்தாதுன்னு நீங்களும் நனைஞ்சுட்டீங்களா?"

கொத்தனார் நேரே போய் ஜன்னலடியைத் தடவினார். காய்ந்து கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மூட்டை எங்கம்மா?"

"அதைத்தான் தலைக்கு வச்சுப் படுத்திருந்தேன்."