பயிரிடுபவர் பெயர்

என் அப்பா வைரக்கண்ணு முப்பத்தொரு வருஷம் ஒன்பது மா நிலத்தைப் பயிரிட்டார். மூன்று ஏக்கர். பட்டா பஞ்சநதம் அய்யா பெயரில். யார் என்ன பயிர் வைத்தார் என்று வருஷாவருஷம் எழுதுகிற அடங்கலும் அவர் பெயரில். கொள்முதல் நிலையத்தில் போடுகிற நெல்லும் அவர் பெயரில். மழையில் பயிர் மூழ்கிப் போனால் அரசாங்கம் தருகிற நிவாரணம்கூடத் தஞ்சாவூரில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிற அவர் கணக்குக்குத்தான் போகும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அழுகிய பயிரைக் கையில் அள்ளிப் பார்த்து நிற்பது மட்டும் அப்பாவின் பாடு.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வாய்ச்சொல் குத்தகை. குத்தகைக்காரன் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவனை லேசில் வெளியேற்ற முடியாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. கொடி பிடித்து, அடிபட்டு, சிலர் பதிந்தும் கொண்டார்கள். அதைப் பார்த்து மற்ற நிலக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். அன்றிலிருந்து காகிதம் என்ற பேச்சே கிடையாது. சித்திரை பிறந்ததும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "இந்த வருஷமும் நீயே பாத்துக்க" என்பார்கள். பத்திரம், பதிவு, சாட்சி எல்லாமே அந்தத் தட்டுதான்.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தே வளர்ந்தவன் நான். பெயர் உத்திராபதி. சென்னைக் கம்பெனியில் என்னை 'உத்ரா' என்று சுருக்கிவிட்டார்கள். ஆறு வருஷம் பொறுத்துவிட்டு, என்னோடு படித்த ஜெய்னுலாபுதீனையும் இழுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு வந்து கம்பெனி ஆரம்பித்தேன். பாத்திரக் கடை மாடியில் ஒரே அறை. கீழே குத்துவிளக்கைத் தட்டுகிற சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மண்டைக்குள் இறங்கும். வாடகைக்குக் கேட்டபோது, "வேலையில்லாத பசங்களுக்கு எதுக்குங்க ஆபீசு?" என்று கேட்டார் கடைக்காரர். மூன்றே வருஷத்தில் அதே தெருவில் நாலு கம்பெனி முளைத்துவிட்டது. ஒருத்தன் வெற்றிலையை இணையத்தில் விற்றான், ஒருத்தி பட்டு நெசவுக்கு வடிவம் போட்டுத் தந்தாள். கல்லூரிகள் எல்லாம் 'புத்தொழில் மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டின. இனிமேல் பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டாம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். நாங்களும் நம்பினோம். நம்பாமல் எப்படி அந்த மாடி வெயிலில் உட்கார முடியும்?

எங்கள் செயலியின் பெயர் 'வாய்மடை', வயலுக்குள் தண்ணீர் நுழைகிற திறப்பின் பெயர். அறுவடை வண்டி பிடித்துத் தருவது அதன் வேலை. சம்பா முற்றி நிற்கும், வானம் இருட்டிக்கொண்டு வரும், வண்டி மட்டும் வராது. புரோக்கர் கண்ணிலேயே பட மாட்டான். நாங்கள் பக்கத்துப் பக்கத்து வயல்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு வண்டி இறங்கினால் அந்த வட்டாரம் முழுவதையும் முடித்துவிட்டு ஏறுகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். விவசாயி கைபேசியோடு தன் வரப்பை ஒரு சுற்று நடந்து வந்தால் போதும். சர்வே நம்பர் தானாக விழும்.

"போன் நம்பர் போதும் மாப்ள" என்றான் ஜெய்னு. "பேரு, போட்டோ எல்லாம் எதுக்கு?"

நான் கேட்கவில்லை. 'பயிரிடுபவர் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்தேன். வயலில் நிற்கிற படமும் கட்டாயம் என்றேன். வண்டிக்காரன் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாமா என்று காரணம் சொன்னேன். பொய். உலகத்தில் எங்கேயாவது ஓர் இடத்தில் அந்த ஒன்பது மாவுக்கு நேராக என் அப்பா பெயர் இருக்க வேண்டும். அதுதான் காரணம்.

முதல் வயலாக எங்கள் வயலைத்தான் ஏற்றினேன். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு நின்றார். அவருக்குப் படம் எடுத்துப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா பேரைப் போடுப்பா. எதுக்கு வம்பு?"

"அவரா வந்து நாத்து நட்டாரு? சும்மா நில்லுங்கப்பா."

மூன்று போகம் அப்படியே ஏறியது. தேதியோடு, படத்தோடு. எங்கள் ஊரில் மட்டும் நாற்பத்தாறு பேர் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மேல் வெற்றிலைத் தட்டு வாங்கிப் பயிரிடுகிறவர்கள். அவர்களும் ஆசைப்பட்டுத்தான் போட்டார்கள். சிலர் படம் எடுக்கச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

பங்குனியில் தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் டெல்டாப் பக்கத்துப் புதுக் கம்பெனிகளுக்கு ஒரு கூட்டம் நடந்தது. வாசலில் கட்சிக்கொடி, உள்ளே குளிர்சாதனம். ஒன்றியச் செயலாளர் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய திரையில் எங்கள் ஊர் வரைபடத்தை விரித்து, "ஒவ்வொரு வயலிலும் உண்மையில் உழைப்பது யார் என்று இந்த மாவட்டத்திலேயே எங்களுக்குத்தான் தெரியும்" என்று பேசினேன். எங்கள் வயலைத் தொட்டேன். அப்பா பனைமர உயரத்துக்கு எழுந்து நின்றார், மண்வெட்டியோடு. பெயர், சர்வே நம்பர், மூன்று போகத் தேதிகள்.

மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்த பஞ்சநதம் அய்யாவும் கைதட்டினார். பிறகு கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். என் நிழல் திரையில் விழுந்து மறைத்தது. நான் சிரித்தபடி ஓரமாக நகர்ந்து நின்றேன், படம் நன்றாக விழட்டும் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாம் நாள் அய்யா எங்கள் ஊரில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"முப்பத்தொரு வருஷத்துல நமக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு உண்டா, வைரக்கண்ணு?"

"இல்லீங்க அய்யா."

"உம் மவன் ஊருக்கே சீட்டு எழுதிக் காட்டிட்டானே. இதை எடுத்துக்கிட்டு நாளைக்கு நீ தாசில்தார்ட்ட போனா நான் என்ன பண்றது?"

"நான் போவனுங்களா அய்யா?"

"நீ போவ மாட்ட. தம்பி போகும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "தப்பா சொல்லலப்பா. உங்க கம்பெனியை நான் எல்லார்ட்டயும் பெருமையாத்தான் சொல்றேன். அந்தப் பேரு, படம், எல்லாத்தையும் எடுத்துடு. உங்க அப்பா ஒரு கையெழுத்து போட்டுடட்டும். குறுவைக்கு அவரே இறங்கட்டும். நமக்குள்ள என்ன இருக்கு?"

முத்திரைத்தாள் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. நான் வாங்கிப் படித்தேன். 'மேற்படி நிலத்தில் நான் எக்காலத்திலும் குத்தகைதாரராகவோ பயிரிடுபவராகவோ இருந்ததில்லை, அவ்வப்போது கூலி வேலை மட்டும் செய்து வந்தேன்.' அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் நாலு வரியில் முடிந்துவிட்டது. "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று அப்பாவை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

கும்பகோணத்தில் வக்கீல் ஞானாம்பாளைப் போய்ப் பார்த்தேன். நிலத் தகராறிலேயே தலை நரைத்தவர். கைபேசியை வாங்கி மூன்று போகப் படங்களையும் நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான ஆதாரம் என் சர்வீஸ்ல பாத்ததில்லப்பா. மனு போட்டா ஜெயிக்க வழி இருக்கு. வருஷக்கணக்கா இழுக்கும், ஆனா இருக்கு" என்றார்.

பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அம்மா அமிர்தம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நம்ம ஊர்ல இதுல எத்தனை பேரு இருக்காங்க?" என்றார் அப்பா.

"நாப்பத்தாறு."

"நான் கேஸ் போட்டேன்னு தெரிஞ்சா, அவங்கள்ல ஒருத்தனையாவது வயல்ல விட்டு வப்பாங்களா?"

நான் கைபேசியைக் கீழே வைத்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சுடு. எனக்குன்னு மட்டும் இல்ல, எல்லாருதையும். திரும்ப எடுக்க முடியாத மாதிரி அழி. என்னால நாலு குடும்பம் நடுத்தெருவுல நின்னா, நான் அந்தத் தண்ணியில கால் வைக்க முடியாது."

"நீங்க முப்பத்தொரு வருஷம்..."

"எனக்குத் தெரியும்ல? அது போதும்."

ஜெய்னு கணினி முன்னால் உட்கார்ந்தான். பிரதி எடுத்து வைத்திருந்த இடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காலி செய்தான். கடைசியாக எங்கள் வயல் வந்தது. "இதை மட்டும் தனியா வச்சுக்கவா மாப்ள? யாருக்கும் தெரியாது" என்றான். நான் ரோஷக்காரன் இல்லையா? "அப்பா சொல்லிட்டாருல்ல, அழிடா" என்று எரிந்து விழுந்தேன்.

அப்பா முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக. அய்யா சொன்ன சொல் தவறவில்லை, அன்றைக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினார். "இந்த வருஷமும் நீயே பாத்துக்க." அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

ஆனியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. அப்பா விடியற்காலையில் மண்வெட்டியோடு போனார். வயலில் ஏற்கெனவே டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் முருகையன், மொத்தமாக நிலம் பிடித்து எந்திரத்தை வைத்தே விவசாயம் பண்ணுகிற ஆள், வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா அய்யாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வயசாயிடுச்சு உனக்கு. ஓய்வா இருப்பா. கூலி வேலை இருந்தா முருகையன் கூப்பிடுவான்."

"வெத்தல குடுத்தீங்களே அய்யா."

"வெத்தல குடுத்தேன். நிலம் குடுத்தேன்னு எங்க எழுதியிருக்கு? நீதான் பயிரே வச்சதில்லன்னு எழுதிக் குடுத்திருக்க."

நான் வயலுக்குள் இறங்கி ஓடினேன். டிராக்டருக்கு முன்னால் போய் நின்று என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அப்பாதான் சேற்றில் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆதாரம் என்று எதை நான் காட்டுவேன்? என் கையாலேயே சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேனே. மண்டபத்தில் அய்யா தன் கைபேசியில் பிடித்த அந்த ஒரு படத்தை அவரா எடுத்துத் தருவார்? அது அதற்குள் நிலக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவெல்லாம் சுற்றிவிட்டது. அந்தக் குறுவையில் எங்கள் ஊரில் இன்னும் ஏழு பேருக்கு வெற்றிலைத் தட்டு வரவில்லை. அவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. தெருவில் பார்த்தால் பேசாமல் போனார்கள்.

கம்பெனி வளர்ந்தது. கேளுங்கள், அதுதான் பெரிய அசிங்கம். 'பயிரிடுபவர் பெயர்' இருந்த இடத்தில் 'நில உரிமையாளர் பெயர்' என்று மாற்றியதும் பெரிய நிலக்காரர்கள் எல்லாம் நம்பிச் சேர்ந்தார்கள். நாலு மாவட்டத்தில் வண்டி ஓடியது. அறையும் மூன்றானது. டெல்டாவின் சிறந்த இளம் நிறுவனம் என்று ஒரு கேடயம் வேறு.

புரட்டாசியில் ஒரு நாள் அப்பா டவுன் பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கேடயத்தைப் பார்த்தார். கீழே விளக்குத் தட்டுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் போட்டோவைக் கொஞ்சம் காட்டேன்."

"எதுப்பா?"

"மம்பட்டியோட நின்னேனே."

ஜெய்னு சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான். நான் கணினியைத் திறந்து தேடுகிற மாதிரி எதையோ தட்டினேன். இல்லை என்று எனக்குத் தெரியாதா? எங்கள் சர்வே நம்பரைத் தொட்டேன். பஞ்சநதம் என்று வந்தது. படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்.

"அழிச்சுட்டோம்ப்பா."

"ஆமா, நாந்தானே சொன்னேன். பரவால்ல விடு. சும்மாத்தான் கேட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

அப்போதுதான் போன் அடித்தது. முருகையன். எங்கள் செயலி வழியாக அவர் கேட்டிருந்த அறுவடை வண்டி எங்கள் வயல் ரோட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது. ராத்திரி மழை பெய்திருக்கிறது, எந்தப் பக்கம் இறக்குவது என்று டிரைவர் பயப்படுகிறான், உங்களிடம் ஏதாவது விவரம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் குரல் அறை முழுவதும் கேட்டது. புதைந்து சாகட்டும் வண்டி, நெல் முளைத்துப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"வடக்கால இறக்கச் சொல்லு" என்றார் அப்பா. "தெக்கால மடையோரம் வேணாம். அங்க ஊத்து இருக்கு, மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள இழுத்துடும். பயிர் வீணாப் போயிடும்."

நான் அவரையே பார்த்தேன். "சொல்லுப்பா" என்றார். சொன்னேன்.

"ஏன் தம்பி, இவ்வளவு கரெக்டா யாரு சொன்னா?" என்றார் முருகையன்.

அப்பா கையை ஆட்டினார், வேண்டாம் என்று. சொல்லாதே என்று.

"எங்க மேப்ல இருக்குண்ணே" என்றேன்.