காரணம் மாரடைப்பு

புண்ணோடு ஒட்டிக்கிடந்த துணியை வெந்நீர் விட்டு விட்டு மெல்லப் பிரித்தாள் அருளாயி. இனி வலிக்காது என்று தெரிந்தும் அவசரப்படவில்லை. அக்கா கத்தரீனாளின் இடது மார்பு இருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து போயிருந்தது. குளிப்பாட்ட வந்த, ஏலத்தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு நாச்சம்மாள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

வாசலில் ஜோமோள் சிஸ்டரின் குரல் கேட்டது. சுகாதார நிலையத்து மலையாளி நர்ஸ்; சாவைப் பதிய வந்திருந்தாள்.

"வயசு நாற்பத்தாறு. மரண காரணம் மாரடைப்பு. அல்லே?"

"ஆமா சிஸ்டர்," என்றார் அக்காவின் கணவர் அமிர்தநாதன். "அப்படியே போட்டுக்கங்க."

அருளாயி ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"யாருக்கு மாரடைப்பு?"

"தோட்டத்து டாக்டர் அதான் சொன்னாரு சேச்சி."

"அந்த ஆளா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்பில் ஏலக்காய் அளவுக்கு ஒரு கட்டி என்று அக்காவை அவரிடம் கூட்டிப்போனது அருளாயிதான். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாலு பிள்ளைக்குப் பால் குடுத்த உடம்பு. உங்க ஆளுகளுக்கு இதெல்லாம் வராது. டவுன் பொம்பளைங்க நோய் இது," என்று சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் அக்கா வரும் வழியில் கம்பம்மெட்டு பஜாரில் இறங்கி எல்லோருக்கும் பரோட்டா வாங்கினாள். அருளாயியும் வயிறாரத் தின்றாள். கட்டி உடைந்த பிறகு மலையிறங்கிப் போய்ப் பார்த்த பெரிய டாக்டரோ, "இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?" என்று அவர்களைத்தான் திட்டினார்.

"டவுனுக்கு வருஷா வருஷம் கேன்சர் சோதனை வண்டி வருதுல்ல. இங்க ஏன் வரல?"

ஜோமோள் தயங்கினாள். "தோட்டத்துத் தமிழ்க்காரிகளுக்கு இந்தக் கேன்சர் குறைவுன்னு கணக்கு சேச்சி. கூடுதல் உள்ள இடத்துக்குத்தான் வண்டி விடுவாங்க."

"குறைவாத்தான இருக்கும்! நாங்க பூராப் பேரும் மாரடைப்புலல்ல சாகுறோம். மேல் லயத்துப் பொன்னாத்தா எதுல செத்தா? அவளுக்கும் இதே நோட்டுல இதத்தான எழுதுன?"

ஜோமோள் பேனாவை மூடினாள்.

"அருளாயி!" அமிர்தநாதன் அடிக்குரலில் அதட்டினார். "செத்தவ மாரப் பத்தியா வாசல்ல நின்னு பேசுவ? நாலு ஆம்பளைங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும் மச்சான். இந்த வெக்கத்துலதான அவ பவுடரக் கொட்டிக் கொட்டி நாத்தத்த மறச்சா? நீங்களும் தெரியாத மாதிரி திரும்பிப் படுத்தீங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அருளாயி ஜோமோளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"வா. பாத்துட்டு எழுது."

உள்ளே போய், மூடியிருந்த துணியை விலக்கினாள். ஜோமோள் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. பிறகு நோட்டைச் சுவரோடு வைத்து, முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

"மேலாபீஸ்ல மாத்திடுவாங்க சேச்சி."

"மாத்துறவன் இங்க வரட்டும்."

மதியம் அடக்கம் முடிந்தது. அருளாயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. லயத்துக்குத் திரும்பிப் பின்புறக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நாச்சம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். இருபுறமும் ஒருமுறை பார்த்தாள். அருளாயியின் ஈரக்கையைப் பிடித்துத் தன் மாராப்புக்குள் வைத்து அழுத்தினாள்.

விரலுக்கடியில் ஏதோ சின்னதாக உருண்டது.

முன்வாசலில், சவப்பெட்டி ஏற்றிப்போய் வந்த ஜீப்பை டிரைவர் பாஸ்கல் மறுபடி கிளப்பும் சத்தம் கேட்டது.

"பாஸ்கலு, நில்லு!" அருளாயி அங்கிருந்தே கத்தினாள். "மலையிறங்கணும். ரெண்டு பேரு."

நாச்சம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவள் பின்னால் நடந்தாள். பாஸ்கல் சீட்டில் சிந்திக் கிடந்த சாமந்திப் பூக்களைக் கையால் தட்டிவிட்டு இடம் பண்ணினான்.