ஆமென் வராத காலை

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுச் சாப்பாட்டு மேசை, மாமியாரின் அடக்கத்துக்கு அவர் நேரத்துக்குப் போய்ச் சேராத வருஷத்தில் வளரத் தொடங்கி, மகள் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் முன்சுவரையும் பின்சுவரையும் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. சிமெண்ட் விலை ஏறியிருந்த நேரம். சுவரைத் திரும்பக் கட்டாமல், மேசை போகிற அளவுக்கு ஓட்டையை விட்டு, சுற்றிலும் தகரம் அடித்துக்கொண்டார்கள். தகரக்காரர் நல்ல வேலைக்காரர். எந்த மழைக்கும் உள்ளே சாரல் அடித்ததில்லை.

வேறு எந்த வீட்டில் நடந்திருந்தாலும் தெரு இப்படி வாயைப் பிளந்திருக்காது. சபையில் குடும்ப வாழ்வு வகுப்பு நடத்தியதே இந்த இரண்டு பேர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக், அந்த அம்மாள் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் சொல்கிறவர். கல்யாணம் ஆகப்போகிறவர்கள், ஆனவர்கள், ஆகி அலுத்துப்போனவர்கள் எல்லாரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இவர்கள் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள். மேசையின் ஒரு தலைமாட்டில் அப்பா, எதிர்த் தலைமாட்டில் அம்மா, நடுவில் பிள்ளை. நாற்காலி இடம் மாறக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம். ஒருவர் ஜெபிப்பது எல்லார் காதிலும் விழ வேண்டும். வீட்டின் கடைக்குட்டி ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதைக் கடைப்பிடித்து உருப்பட்ட வீடுகள் இதே தெருவில் இருக்கின்றன.

அடக்கத்தன்று நடந்தது இதுதான். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்ளே ஒரு கர்ப்பிணி மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் அதோடு மல்லுக்கட்டி அவளை வெளியே எடுத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது குழி மூடியாகிவிட்டது. நடுவில் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. மனைவி அழுதாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சில வாரம் கழித்து வகுப்பில் மன்னிப்பைப் பற்றிய பாடம் வந்தது. அந்த அம்மாள் மைக்கைப் பிடித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, "ஆனாலும் நான் அவரை மன்னிச்சிட்டேன்" என்று முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கும் கை தட்ட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தார் மனுஷர். சாப்பாட்டு ஜெபத்தில், கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, வீட்டு விஷயத்த வீட்டோட வச்சுக்கத் தெரிஞ்ச நாக்க இந்தக் குடும்பத்துக்குத் தாரும்" என்றார். அந்த அம்மாள் சளைத்தவரா? மறுநாள் அவருடைய முறை. "ஆண்டவரே, ஒரு போன் பண்ணத் தெரிஞ்ச விரல இந்தக் குடும்பத்துக்குத் தாரும்." மகள் இரண்டுக்கும் ஆமென் சொன்னாள். அந்த வாரமே மேசை இரு தலைமாட்டிலும் ஒரு சாண் நீண்டிருந்தது.

முதலில் சந்தோஷப்பட்டார்கள், விருந்தாளி வந்தால் வசதி என்று. பிறகு உப்பு எட்டவில்லை. பிறகு முகம் தெளிவாகத் தெரியவில்லை. கண் பார்க்கிற அம்மாளுக்கே புருஷனின் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. தச்சரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்த்தார்கள். அறுத்த இடம் மறுநாளே கூடிவிட்டது. தச்சர் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு, இது மரத்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். போதகர் வந்தார், முழங்காலில் நின்று உருக்கமாக ஜெபித்தார், என்ன வந்தாலும் மேசையை விட்டு எழும்பாதீர்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்படியே செய்தார்கள். தலைமாடு நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. அப்பாவின் நாற்காலி வாசலைத் தாண்டி, சலவைக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாவின் நாற்காலி பின்பக்கச் சந்து வழியாகக் கண்ணாடிக் கடையின் பின்கட்டுக்குப் போனது. போய்வர அலுப்பாக இருக்கவே அவர் நிறுத்தத்துக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டார், அந்த அம்மாள் கடையின் பின்கட்டிலேயே படுத்துக்கொண்டார். வீட்டில் இருந்தது மகள் மட்டும். சமைத்து, இரண்டு பக்கமும் சைக்கிளில் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓடி வந்து நடுவில் உட்காருவாள்.

ஒருவர் ஜெபிப்பது எல்லார் காதிலும் விழ வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே, அதுதான் பிள்ளையை வாட்டி எடுத்தது. அம்மாவின் ஜெபம் அப்பாவுக்கு எட்டவில்லை, அப்பாவுடையது அம்மாவுக்கு எட்டவில்லை. ஆகவே பின்சுவர் ஓட்டையில் காதை வைத்துக் கேட்டதை முன்சுவர் ஓட்டையில் அவள் கத்திச் சொல்ல வேண்டும். அங்கே கேட்டதை இங்கே. "ஆண்டவரே, கல்மனசுக்காரர உடையும்" என்று தன் அப்பாவைப் பார்த்துத் தன் வாயாலேயே கத்தினாள். ஒரு வாரத்துக்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. வார்த்தையை மாற்றினாள். அங்கிருந்து என்ன வந்தாலும், "ஆண்டவரே, அவருக்கு முதுகு வலி இல்லாம பாத்துக்கும்" என்று முன்னால் கத்தினாள். "அவ கடையில நின்னுக்கிட்டே இருக்கா, கால் வீங்காம பாத்துக்கும்" என்று பின்னால் கத்தினாள். அந்த வாரம் மேசை ஒரு விரல்கூட வளரவில்லை. தகரக்காரர் மட்டும் அதைக் கவனித்தார், அவரை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் மெக்கானிக் மனைவியிடம் போய், "என் முதுகு இப்ப பரவாயில்ல" என்றார். "உங்க முதுகப் பத்தி யார் கேட்டா?" என்றார் அந்த அம்மாள். குட்டு உடைந்தது. ஜெபத்தில் பொய் சொல்லலாமா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் மகளைத் திட்டினார்கள். பல வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. குரல்தான் தேய ஆரம்பித்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமில்லை, கத்தாமல் இருந்தால் சரியாகும் என்றார். அன்று அப்பா ஜெபித்தார்: "ஆண்டவரே, பிள்ளையோட குரல் போகக் காரணமானவளுக்கு உணர்த்தும்." அம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் ஜெபித்தார். இரண்டையும் அவள்தான் கத்திச் சொன்னாள். என்னத்தைச் சொல்ல. மேசை அன்று ஒரே மூச்சில் ஒரு முழம் போனது.

பிறகு ஒரு காலையில், அம்மா ஜெபித்து முடித்துக் காத்திருக்க, அப்பா கேட்பதற்குக் காத்திருக்க, நடுவிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆமென்னும் வரவில்லை. எந்தக் குடும்பமாக இருந்தாலும் என்ன ஆச்சென்று எட்டிப் பார்த்திருக்கும். இவர்கள் வகுப்பு எடுத்தவர்கள் ஆயிற்றே! கண்ணைத் திறக்கவில்லை. மகளுக்கு மனைவி ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று மெக்கானிக் நினைத்தார். அவர்தான் தூண்டிவிட்டிருப்பார் என்று அந்த அம்மாள் நினைத்தார். யார் முதலில் கண் திறக்கிறார்கள் பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துகள் வந்து போயின. பள்ளிக்கூட மணி அடித்தது. தட்டில் ரொட்டி காய்ந்து விறைத்தது. கண்ணாடி வாங்க வந்தவர்கள், அம்மாள் ஜெபத்தில் இருக்கிறார் என்று திரும்பிப் போனார்கள்.

வெயில் ஏறிய பிறகு மெக்கானிக்கின் சட்டைப்பையில் போன் அடித்தது. எங்காவது லிஃப்ட் நின்றிருக்கும் என்று விட்டுவிட்டார். மறுபடி அடித்தது. எடுத்தார். பேச்சு இல்லை, மூச்சு மட்டும், அதுவும் இழுத்து இழுத்து. கண்ணைத் திறந்து பார்த்தால் வீட்டு நம்பர். "பாப்பா?" என்றார். மூச்சும் நின்றது. அப்போது அவர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மனைவிக்கு போன் பண்ணினார். "பாப்பா பேச மாட்டேங்கறா. கிளம்பு." அவ்வளவுதான் சொன்னார். மேசையைப் பிடித்துக்கொண்டே ஓடினார். சலவைக்கடைக்காரர் மேசைமேல் விரித்திருந்த துணிகள் எல்லாம் அவர் கை பட்டுத் தெருவில் விழுந்தன. அந்தப் பக்கம் அந்த அம்மாள் ஒரு கால் செருப்போடு சந்தில் ஓடி வந்தார். ஓடுகிற தூரம் முழுக்க அவர்கள் ஜெபித்து வளர்த்த மேசைதான். எந்த இடம் எந்த ஜெபத்தில் வளர்ந்தது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மகள் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தாள். உடம்பு கொதித்தது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், அவளைத் தூக்கி நிமிர்த்தினார்கள். டாக்டருக்குச் சொல்லியாயிற்று, அவர் வர நேரமாகும். மெக்கானிக் ஜெபிக்க வாயைத் திறந்து, "ஆண்டவரே, இவள..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து நின்றுவிட்டார். அந்த அம்மாள், "இவர..." என்று ஆரம்பித்து அவரும் நின்றுவிட்டார். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. கடைசியில் மெக்கானிக், "ஆண்டவரே, என்னை" என்றார். அதற்குமேல் வரவில்லை, அழுகைதான் வந்தது. "என்னையும்" என்றார் மனைவி. கண்ணைத் திறந்துகொண்டே, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தார்கள். டாக்டர் வந்து ஊசி போடும்போதும் யாரும் ஆமென் சொல்லியிருக்கவில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு இரண்டு பேரும் போய் அவரவர் நாற்காலியைத் தூக்கி வந்து மகளுக்கு இரண்டு பக்கத்திலும் போட்டார்கள். இவ்வளவு வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள், தெருவுக்கும் தோன்றவில்லை என்பதை மறந்துவிட்டு. போதகர் வந்து, நடந்ததை ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சாட்சியாகச் சொல்லும்படி கேட்டார். அந்த அம்மாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அது வீட்டு விஷயம், பாஸ்டர்" என்றார். கழுவின தட்டை மெக்கானிக் வாங்கித் துடைத்தார்.

மேசை சுருங்கவில்லை. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு முனையில் பேருந்துக்கு நிற்பவர்கள் பையை வைக்கிறார்கள், மறுமுனையில் கண்ணாடிக் கடை சாமான் அடுக்கியிருக்கிறது. போகிற வழியில் சலவைக்கடைத் துணி காய்கிறது. வீட்டுக்குள் மூன்று பேரும் முழங்கை இடித்துக்கொள்ளச் சாப்பிடுகிறார்கள். மகளின் குரல் பழையபடி வரவில்லை, வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆமென்னை வெறும் மூச்சாகத்தான் சொல்கிறாள். அந்தத் தூரத்துக்கு அது போதும்.